காற்றுக்காக வாசலில் படுத்தேன்

ஜூன் 7, சனி

கூடாரம் அடித்தாயிற்று. அடிப்பதற்குள் காற்று இரண்டு முறை அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. என் மகன் ராஜவேல் துரத்திக்கொண்டு ஓடினான். செண்பகா சிரித்தாள். என் மருமகள் சிரித்துப் பார்த்து நாளாயிற்று.

தெற்கு டகோட்டா மாநிலம். நெடுஞ்சாலையை விட்டு மண்பாதையில் இறங்கினால் கண்ணுக்கு எட்டின மட்டும் புல். அரசாங்க மேய்ச்சல் நிலமாம். யார் வேண்டுமானாலும் கூடாரம் அடித்துத் தங்கலாம். கட்டணம் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்று பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை மட்டும் நிற்கிறது. கூடாரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் புல் சட்டென்று முடிந்துபோகிறது. அதற்கப்பால் நிலம் அறுந்து கீழே விழுகிறது. பள்ளத்தில் சாம்பலும் வெளிறிய சிவப்புமாக மண் கோபுரங்கள். அந்தப் பள்ளம்தான் தேசியப் பூங்கா. பேட்லேண்ட்ஸ் என்று பெயர். கெட்ட நிலம் என்று அர்த்தம் சொன்னான் ராஜவேல்.

"நீங்க ஊருக்குத் திரும்புறதுக்குள்ள அமெரிக்காவ நல்லாப் பாத்துரணும்ப்பா. பெரிய டூரா ஒண்ணு போவோம்" என்று சொல்லித்தான் மினியாபொலிஸிலிருந்து கூட்டிவந்தான். மார்ச் மாதம் வந்தேன். ஆகஸ்டில் எனக்குத் திரும்பும் டிக்கெட் இருக்கிறது.

கார் டிக்கியில் கை நுழைக்க இடம் இல்லை. குக்கர், மிக்சி, இட்லித் தட்டு, சாமி படங்கள், கல்யாண ஆல்பம், கம்பளிக் கோட்டுகள். கோடைக்கால டூருக்குக் கம்பளிக் கோட்டு எதற்கு என்று நான் கேட்கவில்லை. மலைப்பக்கம் போனால் குளிரும் என்று வைத்திருப்பார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

இங்கே தண்ணீர் கிடையாது, கழிப்பறை கிடையாது. ஊரிலிருந்து கேனில் தண்ணீர் பிடித்து வர வேண்டும். மற்றதற்குச் சின்ன மண்வெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு தூரமாகப் போக வேண்டும். ஆண்கள் சமாளித்துவிடுகிறோம். ஒரு புதர்கூட இல்லாத வெளி இது. செண்பகா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கிறாள். நான் அவளைக் குடிக்கச் சொன்னேன். "தாகமே எடுக்கல மாமா" என்றாள். உதடு வெடித்திருக்கிறது.

கொஞ்சம் தள்ளி இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்றில் கிழவனும் கிழவியும் ஒரு நாயும். கை அசைத்தார்கள். நானும் அசைத்தேன்.

காற்றில் அணையாமல் இருக்கக் காஸ் அடுப்பைக் காருக்கும் எனக்கும் நடுவில் வைத்து ரசமும் சாதமும் ஆயிற்று. ரசத்தில் மண் விழுந்தது. அப்படியே சாப்பிட்டோம்.

ஜூன் 9, திங்கள்

காலையில் ராஜவேல் இஸ்திரி போட்ட சட்டையைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு ஊருக்குப் போனான். அங்கே நூலகத்தில் உட்கார்ந்தால் இணையம் கிடைக்குமாம். ஆபீஸ் மீட்டிங் இருக்கிறதாம். "லீவு போட்டிருக்கேன்னுதான பேரு, விட மாட்டேங்கறாங்கப்பா" என்றான்.

ஊரின் பெயர் வால். சுவர் என்று அர்த்தமாம். பலகையில் பார்த்ததிலிருந்து எனக்கு வால் என்றே மனதில் நிற்கிறது. குரங்கு வால். சொன்னேன். செண்பகாதான் சிரித்தாள். அவன் காதில் விழவில்லை.

நான்கு மணிக்குத் திரும்பினான். மீட்டிங் நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டேன். முடிந்தது என்றான். சட்டையைக் கழற்றி மடிப்புக் கலையாமல் மடித்து வைத்தான்.

ஜூன் 11, புதன்

பூங்காவுக்குப் போனோம். காட்டெருமைகள் பார்த்தோம். ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. கார்கள் எல்லாம் பேசாமல் காத்திருந்தன. ராஜவேல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிரே பார்த்துக்கொண்டிருந்தான். எருமை போய் வெகுநேரம் ஆன பிறகும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். செண்பகா அவன் தோளைத் தொட்ட பிறகுதான் எடுத்தான்.

ஜூன் 12, வியாழன்

ராஜவேல் ஊருக்குப் போயிருந்தான். நானும் செண்பகாவும் பக்கெட்டில் துணி அலசினோம். இந்தப் புல்வெளியில் ஒருவகைப் பிராணி வளை தோண்டி ஊர் ஊராகக் குடியிருக்கிறது. அணிலுக்கும் கீரிக்கும் நடுவில் ஒரு உருவம். ஆள் நடமாட்டம் கண்டால் பின்னங்காலில் எழுந்து நின்று கத்தும். எல்லாம் ஒரே நேரத்தில் வளைக்குள் போய்விடும்.

அதைப் பார்த்துக்கொண்டே செண்பகா கேட்டாள்.

"மாமா, உங்களுக்கு இங்க கஷ்டமா இருக்கா?"

"ஒரு கஷ்டமும் இல்ல தாயி. நல்ல காத்து."

"ஊர்ல அண்ணிகிட்ட பேசினீங்களா?"

என் மகள் ராமலட்சுமியைச் சொல்கிறாள். கோவில்பட்டியில்தான் இருக்கிறாள்.

"பேசினேன். டூர்ல இருக்கோம்னு சொன்னேன்."

அவள் ராஜவேலின் சட்டையை முறுக்கிப் பிழிந்தாள். தண்ணீர் எல்லாம் போன பிறகும் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"மாமா, உங்களுக்கு..."

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. வெயில்ல நிக்காதீங்க."

நானும் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் அவள் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லிவிட்டால் ராஜவேலிடம் நான் தெரியாத மாதிரி இருக்க முடியாது.

இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஜூன் 14, சனி

ராஜவேல் செண்பகாவுக்குக் கார் ஓட்டப் பழக்கினான். நல்ல காரியம். புல்வெளிப் பாதையில் போக்குவரத்து கிடையாது, பழகுவதற்குத் தோதான இடம். பிறகு டயர் மாற்றச் சொல்லிக்கொடுத்தான். காருக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும், விமான டிக்கெட்டை எப்படி மாற்ற வேண்டும், மினியாபொலிஸில் எந்தத் தமிழ்க் குடும்பம் உதவி செய்யும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னான். இத்தனை பொறுமையாக அவன் பேசி இந்த மூன்று மாதத்தில் நான் கேட்கவில்லை.

"இதெல்லாம் எனக்கு எதுக்கு? நீங்க இருக்கீங்கல்ல" என்றாள்.

"தெரிஞ்சு வெச்சுக்க" என்றான்.

ஜூன் 15, ஞாயிறு

இந்த நாட்டில் இன்று அப்பாக்களுக்கான தினமாம். நாய் வைத்திருக்கும் கிழவர் எனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் வண்டி கிளம்பிவிட்டது.

சாயங்காலம் ராஜவேல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இங்கே ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கிறது. பள்ளத்தில் மண் கோபுரங்கள் சிவந்துகொண்டிருந்தன.

"உங்களுக்கு நான் ஒண்ணுமே செய்யலப்பா" என்றான்.

"என்ன செய்யணும்? அமெரிக்கா காட்டிட்ட."

"அம்மாவுக்கும் செய்யல."

"போய்த் தூங்கு."

தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று தோன்றுகிறது. வேறு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. என் மனைவி பேச்சியம்மாள் உயிரோடு இருந்திருந்தால் அவன் தலையைப் பிடித்து மடியில் போட்டிருப்பாள். ரயில்வே தபாலில் வேலை பார்த்தவன் நான். அவன் வளர்ந்த காலத்தில் பாதி நாள் ரயிலில்தான் இருந்தேன். பிள்ளைகளிடம் பேச எனக்கு வராது.

ஜூன் 16, திங்கள்

கூடாரத்தின் உள்ளே புழுக்கமாக இருந்தது. காற்றுக்காக வாசலில் குறுக்கே படுத்தேன். என்னைத் தாண்டாமல் யாரும் வெளியே போக முடியாது என்பதால் செண்பகாவுக்குச் சிரமம். எழுப்பினால் எழுந்துகொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

ராஜவேல் இன்று ஊருக்குப் போகவில்லை. இஸ்திரிச் சட்டை போடவில்லை. சவரம் செய்யவில்லை. மீட்டிங் இல்லையா என்று கேட்டேன். "இனிமே இல்லப்பா" என்றான்.

கார் சாவி எங்கேயாவது தொலைந்துவிடும். என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பள்ளத்தின் விளிம்பு ஓரமாக நடக்கப் போனான். எனக்கும் நடந்தால் நல்லது, சர்க்கரைக்காரன். கூடவே போனேன். "நீங்க இருங்கப்பா" என்றான். "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்" என்றேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினான். திரும்பவும் கிளம்பினான். நானும் கிளம்பினேன். இப்படியே பகல் போயிற்று. கடைசியில் அவன் நின்று என் முகத்தைப் பார்த்தான். கோபமா, கெஞ்சலா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"கொஞ்ச நேரம் தனியா விடுங்கப்பா."

"நான் என்ன செய்யுறேன், பேசாமத்தான வாரேன்."

முட்டி வலிக்கிறது. செண்பகா தைலம் தேய்த்துவிட்டாள். அவளும் அவனை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. நாங்கள் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஆனால் நான் மண்வெட்டியோடு தூரமாகப் போனால் அவள் அவனிடம் ஏதாவது கேட்டுக்கொண்டு நிற்கிறாள். அவள் துணி காயப்போடப் போனால் நான் அவனை அடுப்புப் பற்றவைக்கச் சொல்கிறேன்.

ஜூன் 18, புதன்

மத்தியானத்திலிருந்து மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. இந்த மாதிரி மேகம் நான் பார்த்ததில்லை. கறுப்பு இல்லை, பச்சை. மற்ற வண்டிக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போய்விட்டார்கள். போகும்போது ஒருவன் நிறுத்தி, மழை வந்தால் இந்தப் பாதை கார் ஓடுவதற்கு லாயக்கில்லை, இப்போதே கிளம்புங்கள் என்றான். ராஜவேல் நன்றி சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"கெளம்பலாங்க" என்றாள் செண்பகா.

"எங்க?"

"எங்கயாவது. ஊருக்குள்ள போயி ஒரு கூரைக்குக் கீழ நிப்போம்."

"எங்க செண்பகா? எங்க போறது, சொல்லு."

நான் கூடாரத்தின் கயிறுகளை இறுக்கிக் கட்டப் போனேன். முதுகுக்குப் பின்னால் அவள் அழுவது கேட்டது. கயிறு ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

பிறகு கல்மழை. எலுமிச்சம்பழம் அளவு ஐஸ் கட்டிகள். காருக்குள் ஓடிப் புகுந்தோம். தகரத்தை யாரோ சுத்தியலால் அடிப்பது போல் சத்தம். முன்கண்ணாடியில் விரிசல் ஓடியது. கண் முன்னாலேயே கூடாரம் படுத்து, உருண்டு, விளிம்பைத் தாண்டிப் பள்ளத்துக்குள் போயிற்று. எங்கள் போர்வைகளும் அதோடு போயின. செண்பகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ராஜவேல் மட்டும் எதையும் பிடிக்கவில்லை. கூடாரம் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காரில் உட்கார்ந்தபடியே எழுதுகிறேன். மழை நிற்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

கால் வழுக்கி விழுந்துவிட்டேன். கணுக்கால் வீங்கியிருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

ஜூன் 20, வெள்ளி

நேற்று நடந்ததை எழுத வேண்டும்.

காலையில் மழை விட்டிருந்தது. காரைக் கிளப்பிப் பார்த்தோம். சக்கரம் அரை அடி இறங்கி அங்கேயே சுழன்றது. இங்கத்து மண் நம் கரிசல் போல நனைந்தால் ஆளை விடாது. இரண்டு எட்டு வைப்பதற்குள் செருப்பில் ஒரு படி மண் ஏறிக்கொள்கிறது. செண்பகாவின் கைப்பேசியில் சார்ஜ் இல்லை. என்னுடையதிலும் ராஜவேலுடையதிலும் சிக்னல் இல்லை. மிச்சமிருந்த பிரெட்டைத் தின்றோம்.

பாதை எப்படி இருக்கிறது என்று பார்த்துவருவதாக ராஜவேல் கிளம்பினான். செண்பகா காருக்குள் கண்ணயர்ந்திருந்தாள், முந்தின ராத்திரி முழுக்க விழித்திருந்தவள். பாதை வடக்கே இருக்கிறது. அவன் தெற்கே போனான்.

நான் குடையை ஊன்றிக்கொண்டு பின்னால் போனேன். இந்த முறை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. விளிம்பிலிருந்து ஒரு மண் திட்டு மூக்கு மாதிரி பள்ளத்துக்குள் நீண்டிருக்கிறது. அதன் நுனி வரை போய் நின்றான். நான் கூப்பிட்டேன். காற்று எதிர்த்திசையில் அடித்தது, குரல் என் வாயிலேயே திரும்பி வந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டே போய் மறுபடி கூப்பிட்டேன். கேட்டிருக்கும். அவன் தோள் அசைந்தது. ஆனால் திரும்பவில்லை. என் செருப்பெல்லாம் மண். இந்தக் காலை வைத்துக்கொண்டு அவன் நிற்கும் இடத்துக்கு நான் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தது.

அப்போதுதான் கால் வழுக்கியது.

விளிம்பு ஓரத்தில் தண்ணீர் அறுத்த ஓடை ஒன்று இருந்தது. அதற்குள் சறுக்கிக்கொண்டு போய் ஓர் ஆள் ஆழத்தில் மாட்டிக்கொண்டேன். கணுக்காலில் ஏதோ முறிந்த மாதிரி ஒரு வலி. என்னையறியாமல் கத்திவிட்டேன். அந்தச் சத்தம் எப்படியோ அவனுக்குப் போயிருக்கிறது.

மேலே அவன் தலை தெரிந்தது. மறுநிமிடம் சறுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து விழுந்தான். முகமெல்லாம் சேறு.

"எங்கப்பா அடி? எங்க?"

"கால்ல."

தொட்டான். நான் பல்லைக் கடித்தேன்.

"எதுக்குப்பா வந்தீங்க? இந்தச் சகதியில எதுக்கு வந்தீங்க?"

"நீ எதுக்கு வந்த?"

என் காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஓடையில் கலங்கல் தண்ணீர் எங்கள் இருவருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கு வேலை போயிருச்சுப்பா" என்றான்.

"தெரியும்."

"செண்பகா சொன்னாளா?"

"அவ சொல்லல. ஏப்ரல்ல காலையில நடக்கப் போனேன். ஏரிக்கரைப் பார்க்ல உன் கார் நின்னுச்சு. நீ உள்ள உக்காந்து சோறு சாப்பிட்டுட்டு இருந்த. மணி பத்துகூட ஆகல. நான் வேற வழியாத் திரும்பி வந்துட்டேன்."

"ஏன்ப்பா ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

அவன் சிரித்தான். சிரிப்பு நடுவில் உடைந்துபோயிற்று. இந்த நாட்டில் வேலை போனால் இரண்டு மாதத்துக்குள் வேறு வேலையில் சேர வேண்டும், இல்லாவிட்டால் வெளியேற வேண்டும். அவனுக்கு அந்தக் கெடு முடிந்துவிட்டது. வாடகை கட்ட முடியாமல் வீட்டைக் காலி செய்துவிட்டுத்தான் இந்த டூர். திங்கட்கிழமை கடைசியாக நம்பியிருந்த இடத்திலும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம் துண்டு துண்டாகச் சொன்னான்.

"ஊருக்குப் போயிருவோம்" என்றேன்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது?"

"ஊர்ல எவன் உன்ன என்ன கேக்கப் போறான்?"

"ஊர்ல யாரும் கேக்க வேணாம்ப்பா. அம்மா போனப்ப வந்தேனா நான்? விசா முடிஞ்சு கெடந்துச்சு. அப்ப வெளிய போனா திரும்ப உள்ள விட மாட்டாங்கன்னாங்க. வேலை போயிரும்னு பயந்து இருந்துட்டேன். நீங்க சுடுகாட்டுல நிக்கறத போன்ல பாத்தேன். கொள்ளி வெச்சது சித்தப்பா மகன். எந்த வேலைக்காக வராம இருந்தேனோ அந்த வேலையே இல்ல இப்ப. அப்ப நான் எதுக்குப்பா வரல? சொல்லுங்க. எதுக்கு வரல?"

இரண்டு வருஷமாக எல்லோரிடமும் நான் சொல்லிவந்தது ஒன்றுதான்: அவன் நிலைமை அப்படி, பாவம், என்ன செய்வான். அதையே சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சேற்றில் உட்கார்ந்து பொய் சொல்ல முடியவில்லை.

"எனக்கு உம்மேல கோவம் இருந்துச்சுடா" என்றேன். "அன்னைக்கு ரொம்ப இருந்துச்சு. உங்கம்மா ஆஸ்பத்திரியில ஒவ்வொருக்க கதவு தெறக்கும்போதும் வாசலப் பாத்தா. அதை நான் பாத்தேன். இன்னைக்கும் கோவம் கொஞ்சம் இருக்கு. ஆனா அதுக்காக நீ சாகணும்னு எவனும் கேக்கல. நான் கேக்கல. அவளும் கேக்க மாட்டா."

அந்த வார்த்தையை நான்தான் முதலில் சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான். மறுக்கவில்லை. மறுப்பான் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்திருக்கிறது. கிறுக்கா உங்களுக்கு, காற்று வாங்கத்தானே வந்தேன் என்று சொல்வான் என்று. அவன் சொல்லவில்லை. என் காலின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். வலி உயிர் போயிற்று. காலை எடுக்கச் சொல்லவில்லை.

அழுது முடித்ததும் சொன்னேன்.

"என்னால நடக்க முடியாது. நீ தூக்கினாத்தான் உண்டு."

முதுகில் ஏற்றிக்கொண்டான். ஓடையிலிருந்து மேலேறுவதற்குள் இரண்டு பேரும் பலமுறை சறுக்கி விழுந்தோம். மேலே வந்த பிறகும் இறக்கிவிடவில்லை. மூச்சிரைக்க, மண் அப்பிய காலை இழுத்து இழுத்து நடந்தான். என் தாடை அவன் தலைமேல் இருந்தது. அவன் முடியில் நரை விழுந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

செண்பகா எதிரே ஓடிவந்தாள். செருப்பு மண்ணில் மாட்டிக்கொண்டதோ என்னவோ, வெறுங்கால். கிட்ட வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் சட்டையின் மார்பைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். கார் வரை அந்தப் பிடியை விடவில்லை.

ஜூன் 21, சனி

இந்தப் புல்லில் மாடு மேய்க்க அனுமதி வாங்கியிருக்கும் ஒரு பெண்மணி, லிண்டா என்று பெயர், கல்மழைக்குப் பிறகு மாடுகளைப் பார்க்க வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டார். அறுபது வயதிருக்கும். காரைத் தன் வண்டியில் கட்டி இழுத்து ரோட்டில் விட்டார். அவர் மகள் மாட்டு டாக்டர். அந்தப் பெண் என் காலைப் பார்த்து, முறிவு இல்லை, ஜவ்வு கிழிந்திருக்கும், எதற்கும் படம் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிக் கட்டுப்போட்டுவிட்டாள். கன்றுக்குக் கட்டும் நீலத் துணி. அவர்கள் வீட்டுக் கொட்டகையில் இரண்டு நாள் தங்கிக்கொள்ளச் சொன்னார்கள். குளியலறை இருக்கிறது. செண்பகா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

ராஜவேல் தன் அக்காவுக்குப் போன் போட்டான். நான் பக்கத்தில் இருந்தேன். "அக்கா" என்றான். அதற்கு மேல் வரவில்லை. போனை என்னிடம் நீட்டினான். நான் வாங்கவில்லை. நீயே பேசு என்று கையைக் காட்டினேன். கடைசியில் பேசினான். வேலை போனதைச் சொன்னான். ஊருக்கு வருவதாகச் சொன்னான். மண் திட்டைச் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது டாக்டரிடம். அதுவரை செண்பகாவும் நானும் முறை வைத்து அவனோடு இருப்பது என்று முடிவு. இந்த முறை வெளிப்படையாகவே பேசி முடிவு செய்தோம், அவனையும் உட்காரவைத்துக்கொண்டு. அவன் தலையை ஆட்டினான். வெட்கப்பட்டான். படட்டும்.

அவன் தூங்கிய பிறகு செண்பகா கேட்டாள்.

"மாமா, நீங்க விழுந்த எடத்தப் போய்ப் பாத்தேன். அங்க பாதை சமமாத்தான இருக்கு. ஓடை தள்ளியில்ல இருக்கு."

"செருப்பு சரியில்ல தாயி."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து என் கால்மாட்டில் போர்வையைச் சரிசெய்தாள்.

"ஊருக்குப் போனதும் வேற வாங்கணும்" என்றாள்.

ஜூலை 24, வியாழன்

ஒரு மாதமாக எழுதவில்லை.

ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. ராஜவேல் பகலில் வெளியே போவதில்லை. வாசலில் யாராவது கூப்பிட்டால் பின்கட்டுக்குப் போய்விடுகிறான். திருநெல்வேலி டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், வாரம் ஒரு முறை கூட்டிப்போகிறோம். உடனே சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆனால் தனியாக விடாதீர்கள் என்றார். சில நாள் சாப்பிடுகிறான். சில நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். அந்த நாட்களில் எனக்கும் செண்பகாவுக்கும் சோறு இறங்குவதில்லை.

இன்று ஆடி அமாவாசை. திருச்செந்தூருக்குப் போய்வருவோம் என்று அவனே சொன்னான். பேச்சியம்மாளின் சாம்பலை அங்கேதான் கரைத்தோம். விடியுமுன் கிளம்பினோம். கரையில் நிற்க இடம் இல்லை, அத்தனை கூட்டம். நான் பெரியவர்களுக்குத் தர்ப்பணம் முடித்தேன். அவன் ஐயரிடம் போய், அம்மாவுக்கு நான் கொடுக்கலாமா என்று கேட்டான். "அப்பா இருக்காருல்ல தம்பி. அவர் இருக்கும்போது நீங்க கொடுக்கக் கூடாது" என்றார் அவர். அவன் முகம் விழுந்துவிட்டது. பிறகு, "குளிக்கலாமா?" என்று கேட்டான். "தாராளமா" என்றார்.

சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுக் கடலுக்குள் இறங்கினான். செண்பகா என் முழங்கையைப் பிடித்தாள். இடுப்பளவு தண்ணீருக்குப் போனான். மார்பளவுக்குப் போனான். அவனைச் சுற்றி எத்தனையோ தலைகள். அவன் தலையை மட்டும் நான் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். முழுகினான். ஓர் அலை வந்து அவன் இருந்த இடத்தை மூடிக்கொண்டு கரைக்கு வந்தது. அடுத்த அலையும் வந்தது. அவன் தலை தெரியவில்லை. நான் வேட்டியோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். கணுக்கால் மணலில் புதைந்து வலித்தது. "ராசு" என்று கூப்பிட்டேன். சின்ன வயதில் அவன் அம்மா கூப்பிடும் பெயர். நான் கூப்பிட்டதே இல்லை.

கொஞ்சம் தள்ளி எழுந்தான். அலை இழுத்துப் போட்டிருக்கிறது. மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறி இருமினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்து, தொடை வரை நனைந்து நிற்கும் என்னைக் கண்டுபிடித்தான். நீந்தியும் நடந்துமாக என்னிடம் வந்தான்.

"ஏன்ப்பா எறங்கினீங்க? அலை இழுக்குது" என்றான்.

"சும்மாத்தான்" என்றேன்.

என் கையைப் பிடித்துக் கரைக்கு நடத்திவந்தான். செண்பகா துண்டைக் கொடுத்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே கடலைப் பார்த்து நின்றவன், "பசிக்குது" என்றான்.

இட்லி சாப்பிட்டோம். இன்னும் இரண்டு வேண்டும் என்று அவனே கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.